பித்தநீரைப் பெருக்கும் மருந்து: உர்சோடிஆக்சிகோலிக் அமிலத்தின் பண்புகளும் பாதுகாப்பும்

கல்லீரல், பித்தப்பை நோய்களுக்காக மருத்துவம் பெறுவோரின் மருந்துச்சீட்டுகளில் அடிக்கடி இடம்பெறும் பெயர் உர்சோடிஆக்சிகோலிக் அமிலம். இதனை 'உர்சோ' என்று சுருக்கியும், 'லிவர் மாத்திரை' என்று பொதுப்படவும் பலர் குறிப்பிடுகின்றனர். பல நிறுவனங்கள் பல வணிகப் பெயர்களில் இதனை விற்பதால், தாம் உட்கொள்வது இம்மருந்துதான் என்பதையே அறியாதோரும் உளர்.

இம்மருந்தைப் பற்றி விரிவாக எழுத நாங்கள் முற்பட்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இம்மருந்து தேவைப்படாத பலர், இதனைக் கல்லீரலுக்கு வலுவூட்டும் சத்து மாத்திரை என எண்ணித் தாமாகவே வாங்கி உட்கொள்கின்றனர். இம்மருந்து கட்டாயம் தேவைப்படும் சிலரோ, 'அரிப்பு நிற்கவில்லை' என்றோ, 'இரத்தப் பரிசோதனை நன்றாக வந்துவிட்டது' என்றோ கூறித் தாமாகவே நிறுத்திவிடுகின்றனர். முன்னதில் பணமும் காலமும் வீணாவதோடு, உண்மையான நோய் கண்டறியப்படாமல் போகவும் இடமுண்டு. பின்னதில் கல்லீரலே மெல்ல மெல்லப் பாழாகக்கூடும். மருந்து என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதைத் தெளிவாக அறிந்தால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம்.

பித்தம் வேறு, பித்தநீர் வேறு

நம் வழக்கில் 'பித்தம்' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என மூன்று தாதுக்களைக் கூறுகிறது. காலையில் தலை சுற்றினாலும், வாய் கசந்தாலும், மஞ்சளாக வாந்தி வந்தாலும் 'பித்தம் கூடிவிட்டது' என்பது வீட்டுப் பேச்சு. அதனால், 'பித்தநீரைப் பெருக்கும் மருந்து' என்று மருத்துவர் சொன்னவுடன், 'ஏற்கெனவே எனக்குப் பித்த உடம்பு. அதை இன்னும் கூட்டலாமா?' என்று அஞ்சுவோர் உண்டு.

இக்கட்டுரையில் நாம் பேசுவது கல்லீரல் சுரக்கும் பித்தநீரை மட்டுமே. வளர்ந்த ஒருவரின் கல்லீரல் நாள்தோறும் ஏறத்தாழ 600 முதல் 1,000 மில்லிலிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது மெல்லிய நாளங்கள் வழியாகப் பித்தப்பையில் சேர்ந்து செறிவடைகிறது. உணவு உண்டபின் முன்சிறுகுடலுக்குள் பாய்கிறது. அதிலுள்ள பித்த அமிலங்கள், சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுபோல் உணவிலுள்ள கொழுப்பைச் சிதறடித்துச் செரிமானத்திற்கு உதவுகின்றன. பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமியும், மிகுதியான கொலஸ்ட்ராலும் உடலைவிட்டு வெளியேறும் வழியும் இதுவே.

தம் பணி முடிந்தபின் பித்த அமிலங்கள் வீணாவதில்லை. அவற்றுள் ஏறத்தாழ 95 விழுக்காடு சிறுகுடலின் கடைப்பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலை அடைகிறது. இச்சுழற்சி ஒரே நாளில் பலமுறை நிகழ்கிறது.

இந்த ஓட்டம் தடைப்பட்டால் என்ன ஆகும்? கொழுப்பைச் சிதைக்கும் அதே அமிலங்கள் தேங்கி நின்று, கல்லீரல் உயிரணுக்களின் கொழுப்புச் சவ்வுகளையே அரிக்கத் தொடங்குகின்றன. இதனைப் 'பித்தநீர்த் தேக்கம்' என்கிறோம். அரிப்பு, களைப்பு, மஞ்சள் காமாலை, அடர்நிறச் சிறுநீர், வெளிறிய மலம் ஆகியன இதன் அடையாளங்கள். தேக்கம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் கல்லீரல் தழும்பேறி இறுகிவிடும்.

கரடியின் பித்தநீரில் கண்ட பொருள்

'உர்சுஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கரடி என்று பொருள். சீன மருத்துவத்தில் உலர்த்திய கரடிப் பித்தம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருந்தாகப் பயன்பட்டு வந்தது. 1902-இல் சுவீடன் நாட்டு அறிவியலாளர் ஓலோஃப் ஹம்மார்ஸ்டென், துருவக் கரடியின் பித்தநீரில் இதுவரை அறியப்படாத ஓர் அமிலம் இருப்பதைக் கண்டார். 1927-இல் ஜப்பானில் ஷோடா என்பவர் கரடிப் பித்தத்திலிருந்து அதனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்து, உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் எனப் பெயரிட்டார். 1950-களின் நடுவில் இதனை வேதிமுறையில் உருவாக்கும் வழியை ஜப்பானிய ஆய்வாளர்களே கண்டறிந்தனர். கரடியின் தேவை அத்துடன் ஒழிந்தது. மருந்தின் தூய்மையும் அளவும் மனிதரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

1975-இல் இம்மருந்தால் கொலஸ்ட்ரால் பித்தக்கற்கள் கரைவதாக ஜப்பானிய மருத்துவர்கள் அறிவித்தனர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1987-இல் பித்தக்கல்லைக் கரைக்கவும், 1997-இல் முதன்மைப் பித்தநாள அழற்சி என்னும் நோய்க்கும் இதற்கு ஒப்புதல் அளித்தது.

மருந்தின் இயல்புகள்

இது கசப்புச் சுவையுடைய வெண்ணிறப் படிகத் தூள். இதன் மூலக்கூற்றில் 24 கார்பன், 40 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. மூலக்கூற்று எடை ஏறத்தாழ 392.6. நீரில் இது பெரும்பாலும் கரைவதில்லை. எரிசாராயத்தில் எளிதில் கரையும். நம் நாட்டில் 150, 300, 450, 600 மில்லிகிராம் மாத்திரைகளாகவும், குழந்தைகளுக்கான நீர்ம வடிவிலும் கிடைக்கிறது.

நம் உடலிலேயே இந்த அமிலம் சிறிதளவு உண்டு. குடல் நுண்ணுயிரிகளின் செயலால் உருவாகும் இது, இயல்பான பித்த அமிலங்களுள் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு அளவே இருக்கும். மருந்தை ஒழுங்காக உட்கொள்ளும்போது இப்பங்கு நூற்றுக்கு நாற்பது வரையிலும், அதற்கு மேலும் உயர்கிறது. மருந்தின் பயன் பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான் அடங்கியிருக்கிறது. ஏனைய பித்த அமிலங்களைவிட இது நீருடன் அதிகம் இசைவது. சவ்வுகளை அரிக்கும் தன்மை மிகக் குறைந்தது. கடுமையானவற்றின் இடத்தை மென்மையான ஒன்று பிடித்துக்கொள்கிறது எனலாம்.

அதன் செயல்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

1. கல்லீரல் உயிரணுக்களிலிருந்து பித்தநீரை வெளியேற்றும் புரதங்களைச் செயற்படத் தூண்டுகிறது. இதனால் ஓட்டம் பெருகித் தேக்கம் குறைகிறது.

2. பித்தநாளங்களின் உட்சுவரில் பைகார்பனேட் சுரப்பைக் கூட்டுகிறது. காரத்தன்மையுள்ள அப்படலம், அமிலங்கள் சுவரைத் தாக்காமல் குடைபோல் காக்கிறது.

3. தேங்கிய பித்த அமிலங்களால் கல்லீரல் உயிரணுக்கள் மடிவதைக் குறைக்கிறது.

4. கல்லீரல் பித்தநீருக்குள் விடும் கொலஸ்ட்ராலின் அளவைக் குறைக்கிறது. கொலஸ்ட்ரால் கற்கள் சிறிது சிறிதாகக் கரைவதற்கு இதுவே காரணம்.

ஆகவே, 'பித்தத்தைக் கூட்டும் மருந்து' என்று அஞ்ச வேண்டியதில்லை. இது தேங்கிய நீரை ஓடச் செய்து, அதன் கடுமையைத் தணிக்கும் மருந்து.

எந்நோய்களில் பயன்படுகிறது?

முதன்மைப் பித்தநாள அழற்சி: சுருக்கமாக 'பி.பி.சி.' எனப்படும் இந்நோயில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலின் சிறு பித்தநாளங்களையே பகையாக எண்ணித் தாக்குகிறது. நடுவயதுப் பெண்களையே இது மிகுதியும் பற்றுகிறது. தீராத களைப்பும் இரவில் மிகும் அரிப்பும் தொடக்க அறிகுறிகள். 'தோல் நோய்' என்றும், 'வேலை மிகுதி' என்றும் எண்ணி ஆண்டுகளைக் கடத்தியபின் வருவோர் பலர். இந்நோய்க்கு முதலில் தரப்படும் மருந்து உர்சோடிஆக்சிகோலிக் அமிலமே. ஒழுங்காக உட்கொள்வோரில் நோயின் வேகம் தணிகிறது. கல்லீரல் மாற்று அறுவை இன்றி வாழும் காலம் நீள்கிறது.

இங்கே ஒரு செய்தியை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். இம்மருந்து அரிப்பையும் களைப்பையும் உறுதியாகத் தீர்க்கும் மருந்தன்று. நோயாளருக்குத் தெரியாத இடத்தில், அதாவது நாளங்களின் சுவரில், அது தன் பணியைச் செய்கிறது. 'மூன்று மாதம் சாப்பிட்டும் அரிப்பு நிற்கவில்லை' என்று நிறுத்துவது, கூரையில் ஒழுகல் அடைபடும் வேளையில், சுவரின் ஈரம் காயவில்லை என்று கொத்தனாரைத் திருப்பி அனுப்புவது போன்றது. அரிப்புக்கு வேறு மருந்துகள் உண்டு. அவற்றைக் கேட்டுப் பெறுங்கள். மருந்து பயனளிக்கிறதா என்பதை அல்கலைன் பாஸ்பேட்டேஸ், பிலிரூபின் முதலிய இரத்த அளவுகளைக் கொண்டு, ஏறத்தாழ ஓராண்டு முடிவில் மருத்துவர் முடிவு செய்வார். ஒரு பகுதியினருக்குப் போதிய பயன் கிட்டாது. அவர்களுக்குக் கூடுதல் மருந்துகள் தேவைப்படலாம்.

பித்தக்கற்கள்: எல்லாக் கற்களையும் இம்மருந்து கரைப்பதில்லை. கொலஸ்ட்ராலால் ஆன, சுண்ணாம்பு படியாத, சிறிய கற்களையே, அதுவும் பித்தப்பை நன்கு சுருங்கி விரியும் நிலையில் இருந்தால் மட்டுமே கரைக்கும். அதற்கும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரை ஆகும். கரைந்தபின் மருந்தை நிறுத்தினால், ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கற்கள் திரும்பவும் உண்டாகின்றன. மேலும், வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் நிறமிக் கற்கள் மிகுதி என்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. நிறமிக் கற்கள் இம்மருந்துக்கு இணங்குவதில்லை. ஆகவேதான், வலி தரும் கற்களுக்கு அறுவை மருத்துவத்தையே மருத்துவர்கள் பெரும்பாலும் பரிந்துரைக்கின்றனர். 'மாத்திரையால் கரைத்துவிடலாம்' என்று அறுவையை ஒத்திப்போடுவது, கணைய அழற்சிக்கும் பித்தநாள அடைப்புக்கும் இடம் கொடுத்துவிடலாம்.

ஒரு நிலையில் மட்டும் தடுப்பு மருந்தாக இதற்குத் தெளிவான பயன் உண்டு. உடற்பருமனுக்காக இரைப்பை அறுவை செய்துகொண்டு விரைந்து எடை குறைப்போருக்குப் பித்தக்கற்கள் எளிதில் உருவாகும். 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறு மாதம் நாள்தோறும் 600 மில்லிகிராம் உட்கொண்டோருள் 2 விழுக்காட்டினருக்கே கற்கள் உண்டாயின. போலி மாத்திரை உட்கொண்டோருள் 32 விழுக்காட்டினருக்கு உண்டாயின.

கருவுற்ற காலத்துப் பித்தநீர்த் தேக்கம்: கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தாங்க முடியாத அரிப்பு தோன்றினால் இந்நோயை ஐயுற வேண்டும். 'வயிறு விரிவதால் வரும் அரிப்பு' என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறினாலும், இரத்தத்தில் பித்த அமில அளவைப் பார்த்துவிடுவது நல்லது. அவ்வளவு லிட்டருக்கு 100 மைக்ரோமோலுக்கு மேற்படின் கருவிலேயே குழந்தை இறக்கும் அபாயம் கூடுகிறது. உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் தாயின் அரிப்பை ஓரளவு தணிக்கலாம். ஆயினும், பிரிட்டனில் 605 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2019-இல் வெளிவந்த ஆய்வில், குழந்தைக்கு நேரும் கேடுகளை அது குறைக்கவில்லை எனத் தெரியவந்தது. ஆகவே மாத்திரை உட்கொள்கிறோம் என்ற நிம்மதியில் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. மகப்பேறு எப்போது நிகழ வேண்டும் என்பதில் மருத்துவரின் சொல்லைக் கேட்பதே குழந்தைக்குக் காப்பு.

பச்சிளங்குழந்தைகள்: பிறந்து இரண்டு வாரங்களுக்குப் பின்னும் மஞ்சள் காமாலை நீடித்து, மலம் வெண்களிமண் போல் வெளிறியிருந்தால், பித்தநாளம் அடைபட்டிருக்கக்கூடும். 'வெயிலில் காட்டினால் சரியாகும்', 'சொட்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாம்' என்று நாளைக் கடத்தக் கூடாது. பித்தநாளம் உருவாகாமை என்னும் நோய்க்குச் செய்யப்படும் கசாய் அறுவை, குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் நடந்தால் பயன் மிகுதி. உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் அறுவைக்குப் பின் துணை மருந்தாகத் தரப்படலாம். அறுவைக்கு மாற்றாக அது ஒருபோதும் ஆகாது.

எங்கே பயன் இல்லை?

ஸ்கேன் அறிக்கையில் 'கொழுப்புக் கல்லீரல்' என்னும் சொல்லைக் கண்டதும் இம்மாத்திரையை வாங்கத் தொடங்குவோர் பலர். கொழுப்பால் அழற்சியுற்ற கல்லீரல் உடைய 166 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தப்பட்டு 2004-இல் வெளிவந்த ஆய்வில், இம்மருந்து போலி மாத்திரையைவிட மேம்பட்டதாகக் காணப்படவில்லை. கொழுப்புக் கல்லீரலுக்கு எடைக் குறைப்பு, நடைப்பயிற்சி, சர்க்கரைக் கட்டுப்பாடு, மதுவை அறவே விடுதல் ஆகியனவே அடிப்படை.

ஹெபடைட்டிஸ் பி, சி போன்ற கிருமித் தொற்றுகளில் இம்மருந்து நொதி அளவுகளைக் குறைத்துக் காட்டலாம், கிருமியை அழிக்காது. அறிக்கையில் எண் குறைந்ததைக் கண்டு நோய் தீர்ந்ததாக எண்ணி, உரிய மருத்துவத்தைத் தவறவிடும் ஆபத்து இங்கே உண்டு. மது அருந்திக்கொண்டே கல்லீரலைக் காக்கும் கவசமாகவும் இது பயன்படாது.

கூடுதல் அளவு கூடுதல் நன்மையா?

இம்மருந்தின் வரலாற்றிலேயே நாம் கற்க வேண்டிய பெரும் பாடம் ஒன்று உண்டு. முதன்மை இறுக்கப் பித்தநாள அழற்சி என்பது பெரிய நாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் நோய். வழக்கமான அளவு இந்நோயில் தெளிவான பயன் தரவில்லை. அளவைக் கூட்டினால் பயன் கிட்டுமோ என்று அமெரிக்க மருத்துவர்கள் 150 நோயாளரைக் கொண்டு ஆய்வு நடத்தினர். எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 28 முதல் 30 மில்லிகிராம் வரை, அதாவது வழக்கமான அளவைப்போல் இரு மடங்கு, தரப்பட்டது.

இரத்தப் பரிசோதனை முடிவுகள் மருந்து பெற்றோரிடம் நன்கு மேம்பட்டன. ஆனால் இறப்பு, கல்லீரல் மாற்று அறுவை, உணவுக்குழாய் நாளப் புடைப்பு முதலிய கேடுகளோ, போலி மாத்திரை பெற்றோரைவிட அவர்களிடமே இரண்டு மடங்குக்கும் மேலாகத் தோன்றின. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. முடிவுகள் 2009-இல் வெளியாயின. மிகையான மருந்து பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிரிகளால் லித்தோகோலிக் அமிலம் என்னும் நச்சுத்தன்மையுள்ள பொருளாக மாறுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? அறிக்கையில் எண்கள் அழகாக இருந்தமையால் நோயாளர் நலமுற்றார் என்று ஆகிவிடாது என்பதும் இவ்வாய்வு உணர்த்தும் பாடம்.

உரிய அளவு நோயைப் பொறுத்தும் உடல் எடையைப் பொறுத்தும் வேறுபடும். பி.பி.சி. நோய்க்கு நாளொன்றுக்கு எடையில் கிலோகிராமுக்கு 13 முதல் 15 மில்லிகிராம். பித்தக்கல்லைக் கரைக்க 8 முதல் 10 மில்லிகிராம். எடுத்துக்காட்டாக, 60 கிலோகிராம் எடையுள்ள பி.பி.சி. நோயாளருக்கு நாளொன்றுக்கு 780 முதல் 900 மில்லிகிராம் வரை தேவைப்படும். எனவே, பக்கத்து வீட்டாருக்குத் தரப்பட்ட அளவு நமக்குப் பொருந்தாது. உங்கள் எடை கணிசமாகக் கூடினாலும் குறைந்தாலும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

பக்கவிளைவுகள்

உரிய அளவில் இது பெரும்பாலோர்க்கு நன்கு ஒத்துப்போகும் மருந்து. மலம் இளகிப் போவதும் வயிற்றுப்போக்குமே மிகுதியாகக் காணப்படும் விளைவுகள். சிலருக்கு வயிற்று உப்புசம், குமட்டல், முடி சற்று மெலிதல், முதலாண்டில் இரண்டு மூன்று கிலோகிராம் எடை கூடுதல் ஆகியன நேரலாம். அரிதாகத் தோலில் தடிப்பு தோன்றலாம். பி.பி.சி. நோயாளர் சிலருக்குத் தொடக்கத்தில் அரிப்பு சற்றே மிகுவதுண்டு. அப்போது மருத்துவர் அளவைக் குறைத்துப் பின் படிப்படியாகக் கூட்டுவார். இவை எவையும் மருந்தைத் திடீரென நிறுத்தக் காரணமாகா. ஆயினும் வயிற்றுப்போக்கு நீடித்தால் தெரிவிக்க வேண்டும்.

பித்தநாளம் முழுதும் அடைபட்டோர், பித்தப்பையிலோ நாளத்திலோ கடும் அழற்சி உடையோர், அடிக்கடி பித்தக்கல் வலி வருவோர், இம்மருந்துக்கு ஒவ்வாமை உடையோர் ஆகியோர் இதனை உட்கொள்ளலாகாது. கல்லீரல் மிகவும் நலிந்த நிலையில் உள்ளோர்க்கு நெருங்கிய கண்காணிப்பு தேவை. மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் மாதந்தோறும், அதன்பின் மருத்துவர் குறிக்கும் இடைவெளியிலும் கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பிற மருந்துகளுடன் சேரும்போது

அரிப்புக்காகத் தரப்படும் கொலஸ்டிரமைன் தூள், குடலில் இம்மருந்தைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேற்றிவிடும். இரண்டும் ஒருவருக்கே தரப்படுவது வழக்கமாதலால், இடையே குறைந்தது நான்கு மணி நேரம் விட வேண்டும். நெஞ்செரிச்சலுக்கான அலுமினியம் கலந்த ஆன்டாசிட் மருந்துகளுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுவதால், கல்லைக் கரைக்க முயலும் மகளிர் வேறு முறையை நாடுவது நன்று. சைக்ளோஸ்போரின் உட்கொள்வோருக்கு அதன் இரத்த அளவு மாறக்கூடும். சிப்ரோஃப்ளாக்சசின் உறிஞ்சப்படுவது குறையலாம். எனவே, நாட்டு மருந்து உட்பட நீங்கள் உட்கொள்ளும் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடும்பத்தாருக்குச் சில குறிப்புகள்

• மாத்திரையை உணவுடன் கொடுங்கள்.

• ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரு வேளை மருந்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

• மேலட்டையில் வணிகப் பெயருக்குக் கீழ் உள்ள வேதிப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் படியுங்கள். இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயர்களில் ஒரே மருந்தை எழுதியிருக்கக்கூடும்.

• கடையில் வேறு நிறுவன மாத்திரை தந்தால் அளவு ஒன்றே என்பதை உறுதி செய்யுங்கள். 300-க்குப் பதில் 150 மில்லிகிராம் வாங்கிவிட்டால் பாதி மருந்தே உள்ளே செல்லும்.

• பி.பி.சி. நோயாளருக்கு இது பெரும்பாலும் வாழ்நாள் மருந்து. தீரும் முன்பே வாங்கி வையுங்கள்.

• குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், வலப்புற மேல்வயிற்றில் கடும் வலி, கண்ணில் புதிதாக மஞ்சள், இரத்த வாந்தி, கருநிற மலம், மனக்குழப்பம் அல்லது பகலில் மிகுந்த தூக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*இம்மருந்து விலங்கிலிருந்து எடுக்கப்படுகிறதா?*

கரடியிலிருந்து அன்று. ஆனால் முற்றிலும் செயற்கை என்றும் கூற இயலாது. பெரும்பாலும், உணவுக்காக அறுக்கப்படும் மாடு அல்லது கோழியின் பித்தத்திலிருந்து பெறும் அமிலத்தை மூலப்பொருளாகக் கொண்டு, பல வேதி மாற்றங்களுக்குப் பின் இது தயாராகிறது. தாவரப் பொருள்களிலிருந்து உருவாக்கும் வழிகளும் கண்டறியப்பட்டுள்ளன. சமயக் காரணத்தாலோ உணவுக் கொள்கையாலோ தயக்கம் இருப்பின், மறைவாக நிறுத்திவிடாமல் வெளிப்படையாகக் கேளுங்கள். தேவையை எடுத்துரைத்து, முடிவை உங்களுடன் சேர்ந்து எடுப்பது எங்கள் கடமை.

*இது பழக்கமாகிவிடுமா?*

ஆகாது. நெடுங்காலம் உட்கொள்வது, நோய் நெடுங்காலம் நீடிப்பதால்தான்.

*பரிசோதனை அளவுகள் சீராகிவிட்டன, நிறுத்தலாமா?*

பி.பி.சி. நோயில் அளவுகள் சீரானது மருந்தின் பயனால். நிறுத்தினால் அவை மீண்டும் உயர்வதே வழக்கம். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

*தாய்ப்பால் தருவோர் உட்கொள்ளலாமா?*

பாலில் மிக நுண்ணிய அளவே சேர்கிறது. தேவை இருந்தால் மருத்துவரின் அறிவுரைப்படி உட்கொள்ளலாம்.

முடிவாக

உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் சத்து மாத்திரையும் அன்று. அஞ்சத்தக்க நஞ்சும் அன்று. உரிய நோய்க்கு, எடைக்கேற்ற அளவில், இடைவிடாது உட்கொண்டால் பல ஆண்டுகள் கல்லீரலைக் காக்கவல்லது. நோய் இன்னதென்று அறியாமல் உட்கொண்டால் பயனில்லை. அளவு மீறினால் தீங்கும் செய்யும். அடுத்த முறை வரும்போது உங்கள் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். 'இது எந்த நோய்க்கு? என் எடைக்கு இந்த அளவு சரிதானா? எத்தனை காலம் உட்கொள்ள வேண்டும்?' என்னும் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இக்கட்டுரை பொதுவான விளக்கமே. உங்கள் மருத்துவர் தரும் அறிவுரைக்கு மாற்றாகாது.